புதுக் கேமராவும் கடைமடைத் தண்ணீரும்

என் கேமராவின் ஆயுள் எப்பவோ முடிந்துவிட்டது என்று தஞ்சாவூரில் ஒரு மெக்கானிக் சொன்னார். இப்போது ஓடுவதெல்லாம் இனாம் என்றார்.

அவர் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கேமராவைத் திறந்து, உள்ளே இருக்கும் மெல்லிய திரையை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் அந்தத் திரை ஒரு தடவை திறந்து மூட வேண்டும். என்னுடையதில் அது ஓரத்தில் மடங்கிப் போயிருந்தது.

"மாத்த முடியாதாங்க?"

"முடியும். பார்ட் கிடைக்கணும். கிடைச்சாலும் அந்தச் செலவுக்கு வேற கேமராவே பாத்துடலாம். இத்தனை வருஷம் ஓடுனதே பெருசு. கல்யாணத்துக்கு இதை நம்பிப் போகாதீங்க."

அதற்கு முந்தின வாரம்தான் திருத்துறைப்பூண்டியில் ஒரு காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் இருந்தது. ஆசாரி ஊசியை வைத்தார், நான் அழுத்தினேன். பின்னால் பார்த்தால் பாதிப் படம் கறுப்பு. மாமனின் மீசை இருக்கிறது, குழந்தையின் திறந்த வாய் இருக்கிறது, காது இல்லை. குத்திய காதை மறுபடி குத்தச் சொல்ல முடியாது. மனிதனுக்குக் காது இரண்டாக இருந்ததால் அன்றைக்குத் தப்பித்தேன்.

தாலி ஒன்றுதான். அதனால்தான் தஞ்சாவூர் போனேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. எட்டாவது வகுப்பைப் பாதியில் விட்டேன். வேதாரண்யத்தில் உப்பு வாரினேன். உப்பு பாதத்தைத் தின்ன ஆரம்பித்ததும் அறுவடை மிஷினோடு கிளம்பி ஆந்திரா வரைக்கும் போனேன். மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு வருஷம் தட்டு கழுவினேன். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தார். அதைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு ஊர் திரும்பினேன். பிறகு வேளாங்கண்ணிக் கடற்கரையில், வருகிறவர்களைப் படம் எடுத்துக் கையோடு பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறவர்களோடு ஒட்டிக்கொண்டேன். அவர்களில் ஒருவர் தொழிலை விட்டுவிட்டு டீக்கடை வைக்கப் போனார். இந்தக் கேமரா அவரிடம் வாங்கியது.

வேறு எந்த வேலையிலும் மூன்று வருஷத்துக்கு மேல் நான் நின்றதில்லை. இதில் பதின்மூன்று வருஷம் நின்றுவிட்டேன். பெரிய புயலில் நான் குடியிருந்த வீட்டின் கூரை போனபோது கேமராவைச் சாக்கில் சுற்றி, அலுமினிய அண்டாவுக்குள் வைத்து மூடி, மேலே உட்கார்ந்துகொண்டேன். விடிந்தபோது அண்டா இருந்தது, கேமரா இருந்தது, நான் இருந்தேன். மற்றது இல்லை. கைப்பிடி ரப்பர் உரிந்து வந்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறேன். மேலே திருகும் சக்கரத்தில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. விரலுக்குத் தெரியும்.

முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு பாய் கடை வைத்திருக்கிறார். கைக்கடிகாரம், செல்போன், அத்தர், வெளிநாட்டுப் போர்வை எல்லாம் ஒரே கண்ணாடி அலமாரியில் இருக்கும். இருபது வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். எனக்கு மெமரி கார்டு அவரிடம்தான். அங்கே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து பின்பக்கம் போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார்.

"புது மாடல் தம்பி. மகன் துபாய்ல வாங்குனான். மூணு மாசம் ஒட்டகமா எடுத்துத் தள்ளுனான். அலுத்துப் போச்சுன்னு அனுப்பிட்டான்."

"எது பாய் அலுத்துச்சு, ஒட்டகமா கேமராவா?"

"கேமராதான். ஒட்டகத்து மேல இன்னும் ஆசை இருக்குபோல."

கையில் எடுத்தேன். கனமே இல்லை. என் பழையதைக் கழுத்தில் மாட்டி ஒரு கல்யாணம் முடித்தால் மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாது. இது ஒரு பொட்டலம் முறுக்கு மாதிரி இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தேன். பழையதில் கண்ணாடி வழியாக வெளியே பார்ப்போம். இதில் உள்ளே ஒரு குட்டி டிவி இருக்கிறது; அதில்தான் உலகம் தெரிகிறது. பாயின் கடை, அந்தக் கடையை விட வெளிச்சமாக அதில் தெரிந்தது.

கேமராவைப் பாயின் பக்கம் திருப்பினேன். சின்னப் பச்சைக் கட்டம் ஒன்று அவருடைய இடது கண்ணில் போய் உட்கார்ந்தது. அவர் தலையைத் திருப்பினார். கட்டம் கூடவே போனது. குனிந்தார், காணோம். நிமிர்ந்தார், மறுபடி கண்ணில் வந்து உட்கார்ந்தது.

"கண்ணைத் தேடிப் பிடிக்கும். ஆடு மாடுன்னாலும் பிடிக்கும்," என்றார்.

வாசலுக்குப் போய் தெருவைப் பார்த்தேன். பஸ் ஜன்னலில் ஒரு பெண்ணின் கண்ணைப் பிடித்தது. வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்த ஆட்டின் கண்ணைப் பிடித்தது. எதிரே கட்டிக்கொண்டிருந்த வீட்டில் தொங்கவிட்ட திருஷ்டி பொம்மையின் முட்டைக் கண்ணையும் பிடித்துவிட்டு, அதை விடவே மாட்டேன் என்றது. நான் பதின்மூன்று வருஷமாகக் கையால் தேடிய கண்களை அது ஒரு நொடியில் தேடிப் பிடித்தது.

பொம்மையைப் பார்த்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"எடுக்கலையே பாய்?"

"எடுத்துட்டு. இருவது படம் எடுத்துட்டு. சத்தம் வராது. இதுக்குள்ள திரை கிரை எதுவும் அடிக்காது."

பேச்சு இப்படி முடிந்தது: என் பழையதையும் அதன் லென்ஸையும் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டு, இதை எடுத்துக்கொள்ளலாம். பழைய லென்ஸ் இதற்குப் பொருந்தாது என்பதால் இரண்டும் போக வேண்டும். ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று. புதியது எனக்கு ஒத்துவராமல் போனால் திரும்பிப் போய் நிற்க பழையது இருக்காது. எனக்குத் தெரிந்த கடைசித் தொழில் இது. அதனால் உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

"நாலு நாள் வச்சுப் பாருங்க," என்றார் பாய். "காரைக்கால்ல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாங்க. வேணும்னா உங்களுக்கு, வேணாம்னா அவருக்கு."

"எடுத்துக்கிட்டு ஓடிட்டேன்னா?"

"எங்க ஓடுவீங்க? அந்தப் பக்கம் கடல்."

மறுநாள் காலையில் கோடியக்கரைக்குப் போனேன். பறவைகள் வரும் காலம் இல்லை. காட்டுக்குள் வெளிமான்கள் இருக்கும். அவற்றை எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன், வந்தவர்களுக்குக் காட்ட, கடைகளுக்கு விற்க. என் படங்களில் மான் இரண்டு விதமாகத்தான் இருக்கும். தலையைத் தூக்கி என்னை முறைத்துக்கொண்டு ஒன்று. பின்பக்கத்தைக் காட்டி ஓடிக்கொண்டு ஒன்று. பழைய கேமரா போடும் 'சடக்' சத்தத்துக்கு மூன்றாவது விதம் கிடைக்காது.

அன்றைக்குப் புல்வெளி ஓரத்தில் ஒரு புதர் மறைவில் உட்கார்ந்தேன். முறுக்கிய கொம்போடு ஒரு கிடா, நான்கைந்து பெட்டைகள், ஒரு குட்டி. அழுத்தினேன். தலையைத் தூக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். கிடா கழுத்தை நீட்டி ஒரு காய்ந்த குச்சியில் கண்ணோரத்தைத் தேய்த்தது. குட்டி தாயின் மடியை முட்டியது. தாய் பின்னங்காலைத் தூக்கி அதை ஒரு தட்டுத் தட்டியது, பஸ்ஸில் தோளில் தூங்கி விழுகிறவனைத் தள்ளிவிடுவதுபோல. ஒரு கரிச்சான் குருவி கிடாவின் முதுகில் இறங்கி, அங்கேயே நின்று சுற்றிலும் பார்த்தது. பச்சைக் கட்டம் கரிச்சானின் கண்ணிலும் மானின் கண்ணிலும் மாறி மாறி உட்கார்ந்தது.

நான் இல்லாதபோது மான் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வருஷக்கணக்காக நான் பார்த்ததெல்லாம் என்னைக் கண்டு பயந்த மான். அதையே மான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் போட்டால் எல்லாம் போய்விடும் என்று இருமலைக் கூட விழுங்கிக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு பேட்டரி தீர்ந்துவிட்டது.

அதுவும் ஒரு குறைதான். பழையதில் ஒரு பேட்டரி இரண்டு கல்யாணம் தாங்கும். இது தன் குட்டி டிவியை ஓட்டியே தீர்த்துவிடுகிறது. உள்ளே போனால் ஒரே பட்டியல், பட்டியலுக்குள் பட்டியல், எல்லாம் இங்கிலீஷ். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் திரை அணைந்துவிடும். அதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். வேறொன்று மனசில் கிடந்தது. மானுக்கு நான் இல்லாமல் போனது சரி. என் பிழைப்பு மனிதர்களோடு. அவர்களுக்கு நான் இல்லாமல் போகலாமா என்பது தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு போன் வந்தது. தலைஞாயிறுக்குப் பக்கத்தில் ஒரு கடைமடைக் கிராமம். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எல்லா ஊரையும் கடந்து கடைசியாக எட்டிப் பார்க்கிற இடம் அது. அங்கே குத்தகைக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம், சாகுபடி செய்கிற ஒரு அம்மா பேசினார்.

"நாளைக்குக் காலைல தண்ணி வந்துடும்னு லஸ்கர் சொல்லிட்டுப் போயிட்டாரு. வந்துருங்க."

லஸ்கர் என்றால் மதகு திறக்கிற ஆள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்த ஊரில் ஐந்து வருஷமாக நான்தான் படம் எடுக்கிறேன். வறண்டு கிடக்கும் வாய்க்காலில் புதுத் தண்ணீரின் முனை வரும்போது, அதன் மேல் பூவும் நெல்லும் தூவி வரவேற்பார்கள். முனையில்தான் விழ வேண்டும். பின்னால் வருகிற தண்ணீருக்குத் தூவினால் கணக்கில்லை. அந்தப் படம் சிங்கப்பூரிலும் குவைத்திலும் திருப்பூரிலும் இருக்கிற பிள்ளைகளுக்குப் போகும். அதைப் பார்த்தால்தான் தண்ணீர் வந்ததாக அவர்கள் நம்புவார்கள்.

முதல் வருஷம் ஆளுக்கொரு நேரத்தில் பூவைப் போட்டுவிட்டார்கள். ஒரு படமும் தேறவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். "கேமராவுல சத்தம் கேட்டதும் எல்லாரும் ஒண்ணாப் போடுங்க." முதல் சத்தத்தில் கைகள் கிளம்பும், இரண்டாவது, மூன்றாவதில் பூ காற்றில் இருக்கும். நான்கு வருஷமாக அது தவறவில்லை. நான் சத்தம் போடும் வரை தட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கப் பழகியிருந்தார்கள்.

போகும்போது இரண்டு கேமராவையும் எடுத்துக்கொண்டேன். கையில் வைத்திருந்தது புதியது.

கரையில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். அந்த அம்மா முன்னால், தண்ணீர் வரப்போகிற தரையை ஒட்டி வாய்க்காலின் சரிவிலேயே இறங்கி, தட்டோடு நின்றார். பக்கத்தில் அவருடைய வீட்டுக்காரர், தோளில் புதுத் துண்டு. நான் எதிர்ச் சரிவில் குப்புறப் படுத்துக்கொண்டேன். வாய்க்கால் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்பில் என் கை முழங்கை வரை போகும்.

முதலில் வாசனை வந்தது. பிறகு கொக்குகள், வாய்க்காலுக்குள் நடந்தே வந்தன. அப்புறம் அது வந்தது.

ஐந்து வருஷமாக அதை எடுத்திருக்கிறேன், ஆனால் ஒரு தடவையும் பார்த்ததில்லை என்பது அப்போது தெரிந்தது. பழையதில் என் கவனம் எல்லாம் மூன்று 'சடக்'கில்தான் இருக்கும். இப்போது அழுத்திய விரலை எடுக்காமல் அந்தக் குட்டி டிவிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தண்ணீர் வரவில்லை, முதலில் குப்பைதான் வந்தது. வைக்கோல், வேப்பிலை, ஒற்றைச் செருப்பு, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு பழுப்பு நுரை. அதற்கு ஒரு முழம் முன்னால் உயிர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பூரான், பிள்ளைப்பூச்சி, வெள்ளை முட்டையைக் கவ்விக்கொண்டு எறும்புகள், வளையை விட்டுக் குறுக்கே ஓடும் நண்டு. கொக்குகள் குனிந்து குனிந்து எடுத்தன. நுரை ஒரு பெரிய வெடிப்பின் விளிம்புக்கு வந்ததும் நின்றது. உள்ளே விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது, தண்ணீர் முழுக்க அங்கேயே முடிந்துவிட்டதுபோல. அப்புறம் வெடிப்புக்குள்ளிருந்து காற்று கொப்புளம் கொப்புளமாக மேலே வந்தது. பக்கத்து வெடிப்பிலும் கொப்புளம். அதற்கு அடுத்ததிலும். தண்ணீர் இன்னும் போய்ச் சேராத இடத்தில் கூட, மண்ணுக்கு அடியில் அது போய்விட்டிருந்தது. ஈரம் இல்லாத தரையில் ஒரு வெடிப்பு ஓரத்துத் தூசி தானாக எழும்பிப் பறந்தது. உள்ளேயிருந்து காற்று அதைத் தள்ளியது.

மாசக்கணக்கில் அடைத்துக் கிடந்த காற்று. அது வெளியே வந்து என் முகத்தில் பட்டது என்று சத்தியம் செய்வேன்.

பிறகு வெடிப்பு நிறைந்தது. நுரை விளிம்பைத் தாண்டியது, என்னைக் கடந்தது, போனது. சினைமாடு நடக்கிற நடை. நான் கேமராவை உயர்த்தி எதிரே பார்த்தேன். எல்லோரும் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். பச்சைக் கட்டம் அந்த அம்மாவின் கண்ணில் உட்கார்ந்தது. அவர் சிரிப்பை முகத்தில் நிறுத்தி வைத்திருந்தார். மெல்ல மெல்ல அது கலைந்தது. குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"என்னங்க," என்று கூப்பிட்டார். "எடுக்கலையா?"

"எடுத்துட்டேம்மா."

"சத்தமே கேக்கலையே!"

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. இருபது பேர் கையிலும் பூ இருந்தது. தண்ணீர் போய்விட்டிருந்தது.

"அய்யய்யோ, தண்ணி போயிட்டு!" என்று ஒருத்தி கத்தினாள். பின்னால் இருந்த இரண்டு பேர் அவசரத்தில் பூவை வீசினார்கள். அது வெறும் தண்ணீரில் விழுந்து சுற்றியது.

"புது மிஷினா?" என்றார் அம்மாவின் வீட்டுக்காரர். "ஊமை மிஷினை வாங்கிட்டு வந்துருக்காரு. ஏங்க, அதுக்கு வாய் கிடையாதா?"

"உங்களுக்கு வாய் இருக்குல்ல, நீங்க போடுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அம்மா அவரிடம். "மரம் மாதிரி நின்னீங்க."

"நீ மட்டும் என்ன, டான்ஸா ஆடுன?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நின்ற இடம் அவருடைய குத்தகை வயலுக்கு நேர். "என் வயலுக்கு நேரா அது சும்மா போச்சே," என்று இரண்டு தடவை சொன்னார். போன வருஷம் கடைசித் தண்ணீர் வராமல் அந்த மூன்று மாவும் பதராகிப் போனது எனக்குத் தெரியும். நான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தப்பு என்னுடையது.

அந்தத் தப்பை எப்படிச் சரி செய்வது என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத்தான் தோன்றியது. போன பஸ்ஸைப் பிடிக்க முடியாது, போன தண்ணீரைப் பிடிக்கலாம். அது நடந்துதான் போகிறது. கீழே வாய்க்கால் ஒரு தென்னந்தோப்பைச் சுற்றி வளைந்து போகிறது. தரிசின் குறுக்கே ஓடினால் அதற்கு முன்னால் போய்விடலாம்.

"வாங்கடி, வளைவுல மறிச்சுக்கலாம்!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் வயலில் இறங்கினார்கள். தட்டிலிருந்த நெல் வழியெல்லாம் சிந்தியது. வீட்டுக்காரர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "எம்மா, மெதுவா, விழுந்து தொலைச்சிடாதீங்க," என்று கத்தியபடி எல்லோருக்கும் முன்னால் ஓடினார். நான் இரண்டு கேமராவும் மார்பில் மோத, பின்னால் ஓடினேன். வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே வாய்க்கால் எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. தண்ணீரை நாங்கள் அவ்வளவு தூரம் முந்திவிட்டோம். ஆளுக்கொரு தென்னையில் சாய்ந்து மூச்சு வாங்கினோம். ஒருவர் வெற்றிலைப் பையை எடுத்து விரித்தார். தண்ணீருக்கு முன்னால் வந்து உட்கார்ந்து அது வரட்டும் என்று காத்திருப்பது, பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரருக்குக் காத்திருப்பது போல இருந்தது.

"இந்தத் தடவை பழசையே எடுங்க," என்றார் அந்த அம்மா.

எடுத்தேன். மெக்கானிக் சொன்னது மனசில் ஓடியது. நுரை வளைவில் திரும்பியது. அழுத்தினேன். சடக். இருபது கைகளும் ஒன்றாகக் கிளம்பின. சடக், சடக். சாமந்தியும் அரளியும் நெல்லும் நுரையின் நெற்றியில் விழுந்தன. யாரோ குலவை போட்டார்கள். மூன்று படமும் முழுசாக வந்திருந்தன.

எல்லோரும் கலைந்த பிறகு அந்த அம்மாவுக்குப் படங்களைக் காட்டினேன். பூப்போடும் படம் பிடித்திருந்தது. உடனே பிள்ளைகளுக்கு அனுப்பச் சொன்னார். பிறகு புதியதில் எடுத்ததைக் காட்டினேன். சிரிப்பை நிறுத்தி வைத்த முகம், அது கலைகிற முகம், குனிகிற முகம். கடைசியில் ஒன்று. பழுப்புத் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஏறியிருக்கிறது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், வாய் லேசாகத் திறந்திருக்கிறது. தட்டு சாய்ந்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. பெரிய மனிதர் யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதை அப்போதுதான் கண்டவர் முகம் அது.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதை யாருக்கும் அனுப்பாதீங்க," என்றார். "பேக்கு மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறேன்."

"சரிம்மா. அழிச்சிடவா?"

"அழிக்கச் சொல்லலையே. எங்கிட்ட மட்டும் குடுங்க. பிரிண்டு போட்டு."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருக்கும்போது முத்துப்பேட்டைக்குப் போனேன். பாய் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே ஷட்டரைத் தூக்கினார். நடந்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சத்தம் வேணும்னா வச்சுக்கலாமே தம்பி. உள்ள இருக்கு." பட்டியலுக்குள் பட்டியலாகப் போய் எதையோ தட்டினார். கேமரா 'கிளிக்' என்று ஒரு பொம்மைச் சத்தம் போட்டது. சத்தத்தைக் கூட்டினார். கொசு பேட்டில் கொசு மாட்டியது மாதிரி இருந்தது.

"கல்யாண வீட்டுல இதைக் கேட்டா சிரிப்பாங்க பாய்."

"அப்ப வாயால சொல்லுங்க. எடுக்கப் போறேன், எடுத்துட்டேன். உங்களுக்கு அது இருக்குல்ல."

அவ்வளவுதான் அது. சத்தத்துக்கு நான் இருக்கிறேன். அதற்காகப் பழையதை வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் என்னைத் தயங்க வைத்தது சத்தம் இல்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. பழையதில் எடுக்கும்போது ஜனங்கள் எதைக் காட்ட நினைத்தார்களோ அதை எடுத்தேன். புதியது அவர்கள் காட்ட நினைக்காததையும் எடுத்துவிடுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு திரிய எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த அம்மா 'அழிக்கச் சொல்லலையே, எங்கிட்ட மட்டும் குடுங்க' என்றாரே, அதை விடத் தெளிவாக யாரும் எனக்கு வழி சொல்ல முடியாது. அப்படிப்பட்ட படம் அந்த முகத்துக்கு உரியவருடையது. அவர் கையில் முதலில் போக வேண்டும். மீதி அவர் இஷ்டம்.

பாய் வாய்க்கால் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பின் விளிம்பில் நிற்கும் நுரை, உள்ளே விழும் தண்ணீர், கொப்புளம், தூசி எழும்பும் காய்ந்த தரை. முன்னால் தள்ளினார், பின்னால் தள்ளினார். அத்தர் கேட்டு வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். பாய் கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"இது எந்த ஊரு?"

"நம்ம பக்கம்தான் பாய். தலைஞாயிறுகிட்ட."

"எங்க வாப்பாவுக்கும் வாய்க்கால் ஓரமா நிலம் இருந்துச்சு. சின்னப் புள்ளையிலேருந்து தண்ணி வர்றதைப் பாத்தவன் நான்." மறுபடி பின்னால் தள்ளினார். "மண்ணு இப்படிக் கொப்புளிக்கும்னு எனக்குத் தெரியாதே தம்பி."

"எனக்கும் புதன்கிழமைதான் தெரியும்."

பழைய கேமராவையும் லென்ஸையும் துடைத்து, மேல்பணத்தோடு கண்ணாடி மேல் வைத்தேன். கார்டை எடுத்துக்கொண்டேன். பதின்மூன்று வருஷம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. பாய் காரைக்காலுக்குப் போன் போட்டு, "அந்தக் கேமரா போயிட்டுங்க, வேற பாக்கலாம்," என்று சொன்னார்.

வேதாரண்யம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நேராக வீட்டுக்குப் போய்ச் சார்ஜ் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்பு இருக்கிறது. பாதி வழியில் ரோட்டுக்குக் கீழே ஒரு கிளை வாய்க்கால் போனது. இன்னும் தண்ணீர் வராத வாய்க்கால், தரை முழுக்க வெடிப்பு. கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னேன். இங்கே ஸ்டாப் இல்லை என்று திட்டிக்கொண்டே விசில் அடித்தார்.

சரிவில் இறங்கி, ஒரு பெரிய வெடிப்புக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, கேமராவைத் தரையோடு வைத்துப் பார்த்தேன். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து நின்றார்.

"என்ன தொலைச்சீங்க?"

"ஒண்ணும் தொலைக்கலைங்க. தண்ணி வர்றதைப் பாக்கணும்."

"இதுலயா? இதுக்கு நாளைக்குத்தான் முறை. அதுவும் மத்தியானத்துக்கு மேலதான் வரும்."

"பரவால்லைங்க," என்றேன்.

அவர் என்னையும் வெடிப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பசிச்சா அந்தப் போர்செட்டுக்கு வாங்க," என்று கையைக் காட்டிவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.